கூண்டின் உயரம்

கைப்பேசியை எங்கே வைப்பது என்பதுதான் ஓல்ட் பெய்லிக்கு வேடிக்கை பார்க்கப் போகிறவனின் முதல் கவலை. உள்ளே கைப்பேசி கூடாது, பை கூடாது, தின்பண்டம் கூடாது. பத்திரமாக வைத்துவிட்டுப் போக அங்கே இடமும் கிடையாது. கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் போடுவதுபோல, சுற்றுவட்டாரக் கடைகளில் சிலர் காசு வாங்கிக்கொண்டு கைப்பேசியைக் காவல் காக்கிறார்கள். நானும் கொடுத்துவிட்டு, சட்டைப் பையை நாலு தடவை தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஓல்ட் பெய்லி என்பது தெருவின் பெயர். மத்திய குற்றவியல் நீதிமன்றம் என்ற முழுப் பெயரை லண்டன்காரர்கள் யாரும் சொல்லிக் கேட்கவில்லை. 1907இல் திறந்த கட்டடம். உச்சியில் பொன்முலாம் பூசிய நீதி தேவதை வாளும் தராசுமாக நிற்கிறாள். நம் சினிமாவில் கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டாத நீதி தேவதையை நான் பார்த்ததில்லை. இவளுக்குக் கண்கட்டு இல்லை. தெருவை நன்றாகவே பார்க்கிறாள். பிரதான வாசலின் மேல் ஒரு வாசகம் செதுக்கியிருக்கிறது: ஏழைகளின் பிள்ளைகளைக் காப்பாற்று, குற்றம் செய்தவரைத் தண்டி. இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. காப்பாற்ற வேண்டிய பிள்ளையே குற்றம் செய்தவனாக வந்து நின்றால் என்ன செய்வது என்று கல் சொல்லவில்லை.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தேன் என்று சொன்னால் கொஞ்சம் பீற்றலாகிவிடும். டூட்டிங்கில் நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் காலையில் கடைக்குப் போய்விடுவார். எனக்குப் பகல் முழுக்க வேலை இல்லை. அருங்காட்சியகங்களில் நடந்து கால் வலித்திருந்தது. இங்கே உட்காரலாம், அனுமதி இலவசம்.

வார்விக் பாசேஜ் என்ற குறுகலான சந்தில் பார்வையாளர் மாடத்துக்கான வாசல். அங்கே உள்ள விதிகளில் ஒன்று என்னை நிறுத்தியது. 14 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மாடத்தில் அனுமதி இல்லை. நியாயமான விதிதான். கொலையும் ரத்தமும் விவரமாகப் பேசப்படும் இடத்தில் குழந்தைக்கு என்ன வேலை? ஆனால் இங்கிலாந்தில் குற்றப் பொறுப்பு 10 வயதில் தொடங்குகிறது. 1963ஆம் வருடச் சட்டத்திலிருந்து அப்படி. ஆக, 11 வயதுப் பையன் இந்தக் கட்டடத்துக்குள் கொலை வழக்கைப் பார்க்க வர முடியாது. குற்றம் சாட்டப்பட்டவனாக வரலாம்.

மாடம் செங்குத்தானது. கிராமத்து டூரிங் டாக்கீஸில் பெஞ்சு டிக்கெட் எடுத்ததுபோல முழங்கால் முன்வரிசையில் இடிக்கிறது. நான் பார்த்த வழக்கைப் பற்றி எதுவும் சொல்லப் போவதில்லை, சொல்லவும் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவன் 18 வயதுக்குக் கீழே இருந்தால், அவனை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்று 1999ஆம் வருடச் சட்டப்படி நீதிபதி ஆணையிடலாம். அப்படி ஆணை இருந்தது. கொலை வழக்கு, பையன் சின்னவன். இவ்வளவு போதும்.

விக் இல்லாத பாரிஸ்டர்களைப் பார்த்து முதலில் தப்பான அறைக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். நீதிபதியும் விக் வைக்கவில்லை. பையன் கண்ணாடிக் கூண்டுக்குள் இல்லை. தன் வழக்கறிஞருக்குப் பின்வரிசையில் சாதாரண நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு பெண். தாய் என்று நினைத்தேன், இல்லை. நீதிமன்றத்தில் பேசுவதைப் பையனுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வதற்கென்றே இருக்கும் ஆள். இன்டர்மீடியரி என்கிறார்கள், நம் வார்த்தையில் இடைநிலையாளர் எனலாம். அரசுத் தரப்பு பாரிஸ்டர் ஒரு நீண்ட வாக்கியத்தை முடித்ததும் அந்தப் பெண் ஒரு தாளில் என்னவோ கோடு போட்டுக் காட்டினார். பையன் தலையாட்டினான். எனக்கும் அந்தத் தாளைப் பார்க்க ஆசையாக இருந்தது. அந்த வாக்கியம் எனக்கும் புரியவில்லை. எனக்கு வயது 52. முப்பது வருடமாக இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறவன்.

தாய் மாடத்தில், எனக்கு முன்வரிசையில் இருந்தார் என்று பிற்பாடு புரிந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. பையனின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாக முடி வெட்டியிருந்த கழுத்து.

ஒரு மணி நேரத்துக்குள் இடைவேளை விட்டார்கள். பையனின் கவனம் அவ்வளவு நேரம்தான் நிற்கும் என்று கணக்கு. பக்கத்தில் இருந்த முதியவர், வாராவாரம் வருகிறவர்போல, அதை எனக்கு விளக்கினார்: “இப்போதெல்லாம் இப்படித்தான். பிரெஸ்டன் வழக்குக்குப் பிறகு.”

இங்கே வழக்கமாக 10 வயதிலிருந்து 17 வரை உள்ளவர்களை விசாரிப்பது இளையோர் நீதிமன்றம். அங்கே என்னைப் போன்ற வேடிக்கை மனிதர்களுக்கு இடமில்லை. ஜூரிகள் இல்லை. அது விதிக்கக்கூடிய அதிகபட்சத் தடுப்பு 2 வருடம். ஆனால் கொலை என்றால் வயது எதுவானாலும் க்ரவுன் கோர்ட்டுக்குத்தான் வர வேண்டும்: பன்னிரண்டு ஜூரிகள், திறந்த மாடம், பத்திரிகைக்காரர்கள், பெரியவர்களுக்காகக் கட்டிய அறை. குற்றம் நிரூபணமானால் விதிக்கும் தண்டனைக்குப் பெயர், மன்னரின் விருப்பம் உள்ளவரை தடுப்புக்காவல். கேட்க அரண்மனைக் கதைபோல இருக்கிறது. உண்மையில் அதற்குள் கறாரான அட்டவணை இருக்கிறது. முன்பு சிறார் எல்லோருக்கும் குறைந்தபட்சக் காவலின் தொடக்கப்புள்ளி 12 வருடம். 2022இல் வந்த சட்டம் அதை வயதுவாரியாகப் பிரித்தது. கத்தியைக் கையோடு கொண்டுபோய்க் கொன்றவனுக்கு வயது 17 என்றால் கணக்கு 23 வருடத்தில் தொடங்குகிறது; 15, 16 என்றால் 17 வருடம்; 14 அல்லது அதற்குக் கீழே என்றால் 13. அரிசிக் கடையில் படி, அரைப்படி, உழக்கு வைத்திருப்பதுபோலப் பிள்ளைமையை அளக்க இவர்களிடம் படிகள் இருக்கின்றன.

இந்த மண் அளந்தது இன்று நேற்றல்ல. இப்போதைய கட்டடம் நிற்பது நியூகேட் சிறையை இடித்த இடத்தில். அதன் பக்கத்திலிருந்த பழைய நீதிமன்றத்தில், 1789 ஜனவரி 14 அன்று மேரி வேட் என்ற சிறுமியை நிறுத்தினார்கள். லண்டன் தெருவைக் கூட்டிப் பிச்சை எடுத்துப் பிழைத்தவள். தன்னைவிடச் சின்னவளான ஒரு எட்டு வயதுச் சிறுமியின் பருத்திக் கவுனையும் தொப்பியையும் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து பறித்துக்கொண்டாள். தண்டனை தூக்கு. மேரிக்கு அப்போது வயது பத்தோ பதினொன்றோ பதின்மூன்றோ, ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை எடுத்தாலும் இன்றைய விதிப்படி மாடத்தில் அவளை விடமாட்டார்கள். தூக்கு பிறகு நாடுகடத்தலாக மாறியது. லேடி ஜூலியானா கப்பலில் ஏற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். 1790 ஜூனில் போய் இறங்கினாள். 1859 வரை உயிரோடு இருந்தாள். அவள் வம்சம் ஆயிரக்கணக்கில் பெருகியது. ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த கெவின் ரட் அந்த வழியில் வந்தவர். ஒரு கவுனுக்காகத் தூக்கில் போட்டிருந்தால் என்று கணக்குப் போடத் தோன்றும். பிரதமர் பிறக்காவிட்டாலும் அது அநியாயம்தான்.

சிறாருக்கென்று தனி நீதிமன்றம் வந்தது 1908இல். 16 வயதுக்குக் கீழே தூக்கு இல்லை என்று ஆனதும் அந்தச் சட்டத்தால்தான். 1933இல் அந்த வயது 18 ஆயிற்று. ஒன்றரை நூற்றாண்டில் நல்ல தூரம்தான் நடந்திருக்கிறார்கள்.

பிறகு 1993 பிப்ரவரி 12. லிவர்பூல் அருகே பூட்டில் என்ற ஊரின் கடைவளாகத்திலிருந்து மூன்று வயது நிறைய ஒரு மாதம் இருந்த ஜேம்ஸ் பல்ஜரை இரண்டு பையன்கள் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். கொன்றார்கள். இருவருக்கும் வயது 10. அவர்களின் பெயரை உலகமே அறியும், நான் எழுதவில்லை. நவம்பரில் பிரெஸ்டன் க்ரவுன் கோர்ட்டில் விசாரணை நடந்தபோது 11 ஆகியிருந்தது. கூண்டு பெரியவர்களுக்காகச் செய்தது. உட்கார்ந்தால் பையன்களுக்குக் கட்டைச் சுவர்தான் தெரியும். ஆகவே கூண்டின் தரையை உயர்த்தினார்கள். அவர்களும் பார்க்கட்டும் என்ற நல்லெண்ணம். பள்ளிக்கூட நேரத்தை ஒட்டி விசாரணை நேரத்தைக் குறைத்தார்கள், முன்கூட்டியே அழைத்து வந்து அறையைச் சுற்றிக் காட்டினார்கள். எல்லாம் கவனமாகத்தான் செய்தார்கள். மூன்று வாரம் நடந்தது. பிற்பாடு அந்தச் சிறுவர்களில் ஒருவன் சொன்னது பதிவாகியிருக்கிறது: பேசுவது மண்டையில் ஏறாததால் மனசுக்குள் எண்களை எண்ணிக்கொண்டிருந்தானாம், ஷூவால் தரையில் உருவங்கள் செய்துகொண்டிருந்தானாம்.

உயர்த்திய தரையைப் பற்றி 1999 டிசம்பர் 16 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பேசியது. பையன்கள் பார்ப்பதற்காக உயர்த்திய தரை, அறையில் இருந்தோர் கண்ணெல்லாம் அவர்கள் மேல் விழத்தான் உதவியது. அது அவர்களின் கலக்கத்தைக் கூட்டியது என்றார்கள். 17 நீதிபதிகளில் 16 பேர் அது நியாயமான விசாரணை இல்லை என்றார்கள். பையன்கள் கொலை செய்யவில்லை என்று யாரும் சொல்லவில்லை. செய்தார்கள். தங்கள் விசாரணையில் தாங்களே கலந்துகொள்ள முடியவில்லை என்பதுதான் தீர்ப்பு. அதன்பின் 2000இல் வந்த நடைமுறை விதிகளின் பலன்தான் நான் மாடத்திலிருந்து பார்த்த விக் இல்லாத தலைகளும், ஒரே மட்டத்து நாற்காலியும், இடைவேளையும்.

எனக்கென்னவோ இது சமையலறைக்குள் சாமி படத்தை மாற்றி மாற்றி மாட்டிப் பூஜையறை என்று பெயர் வைப்பதுபோலப் பட்டது. தரையை உயர்த்திப் பார்த்தார்கள், இறக்கிப் பார்த்தார்கள், விக்கைக் கழற்றினார்கள். அறை அதே அறை. மாடம் அதே மாடம். அதில் நானும் ஒருவனாக, ஒரு பையனின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டு.

மதிய இடைவேளையோடு வெளியே வந்து, கைப்பேசியை மீட்டுக்கொண்டு லட்கேட் சர்க்கஸில் 63ஆம் எண் பேருந்து ஏறினேன். மாடியில், முன்சீட்டு. பிளாக்ஃப்ரையர்ஸ் பாலம், தேம்ஸ், எலிஃபன்ட் அண்ட் காசில், பிறகு பெக்கம். வழியில் அணிமாண்டவ்யர் ஞாபகம் வந்தார். மகாபாரதத்தில் ஆதிபர்வத்தில் வருகிற முனிவர். செய்யாத திருட்டுக்காகக் கழுவில் ஏற்றப்பட்டவர். தர்மதேவதையிடம் போய் ‘நான் என்ன பாவம் செய்தேன்’ என்று கேட்கிறார். சின்ன வயதில் பூச்சிகளை ஈர்க்கால் குத்தி விளையாடினாய், அதற்குத்தான் என்கிறது தர்மம். விளையாட்டுப் பிள்ளை செய்ததற்கா இவ்வளவு என்று சீறி, நீ மண்ணில் போய்ப் பிற என்று தர்மத்துக்கே சாபம் போடுகிறார் முனிவர். விதுரர் பிறந்தது அப்படித்தான். கூடவே ஒரு சட்டமும் போடுகிறார்: இனி 14 வயதுவரை செய்வது பாவக் கணக்கில் சேராது. நாட்டின் குற்றப் பொறுப்பு வயது 14க்குக் குறையக் கூடாது என்று ஐ.நா.வின் குழந்தை உரிமைக் குழு 2019இல் பரிந்துரைத்தது. கழுவேறிய மனிதருக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது.

பெக்கம் நூலகம் தலைகீழாக நிறுத்திய ‘எல்’ எழுத்துபோல இருக்கிறது. கட்டடக்கலைக்கான ஸ்டெர்லிங் பரிசு வாங்கியது 2000இல். அதே வருடம் நவம்பர் 27 அன்று மாலை இந்த நூலகத்திலிருந்து வீட்டுக்குக் கிளம்பினான் டமிலோலா டெய்லர். வயது 10. நைஜீரியாவிலிருந்து வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. நூலகத்துக்கு வெளியே அவன் துள்ளிக்கொண்டு போவதைக் கண்காணிப்புக் கேமரா பிடித்த படத்தை அந்தக் காலத்தில் நானே சென்னையில் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். நார்த் பெக்கம் குடியிருப்பின் மாடிப்படியில், உடைந்த பாட்டில் கிழித்த தொடையோடு ரத்தம் வடிந்து இறந்தான்.

2002இல் நான்கு இளைஞர்களை ஓல்ட் பெய்லியில் விசாரித்தார்கள். ஒருவர் மேலும் குற்றம் நிற்கவில்லை. 2006இல்தான் இரண்டு சகோதரர்கள் கொலையாகாத மரணக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். ஆளுக்கு 8 வருடம். சம்பவத்தின்போது அவர்களுக்கு 12, 13. தீர்ப்பின்போது 18, 19. அந்த மாடிப்படியில் நின்ற பையன்கள் யாரும் அந்த அறையில் இல்லை. மீசை வைத்த இரண்டு பேர் இருந்தார்கள். அப்போது யாரை விசாரித்தோம் என்று சட்டத்துக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. டமிலோலாவின் தந்தைக்கு இந்தக் கேள்வியெல்லாம் இருந்திருக்காது. அவர் ஆறு வருடம் காத்திருந்தவர்.

நான்கு மணிக்கு டூட்டிங். என்னைத் தங்கவைத்திருந்தவர் நண்பரின் அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளின் கடைசியில் வந்தவர். சின்ன ஓஃப் லைசன்ஸ் கடை. பால், பேப்பர், பியர், ஒரு மூலையில் முருங்கைக்காயும் மரவள்ளியும். நான் போய்வந்த இடத்தைச் சொன்னதும் சிரித்தார்.

“அங்க போய்ப் பாக்கவேணுமே தம்பி? இஞ்ச நிண்டா அவங்களே வருவாங்கள்.”

இரண்டு முறை அவரிடம் கத்தி காட்டியிருக்கிறார்கள். “முகத்தில மீசைகூட இல்லை. கை நடுங்குது. அந்த நடுக்கம்தான் எனக்குப் பயம். பெரிய ஆளெண்டா என்ன செய்வான் எண்டு ஒரு கணக்கிருக்கும்.”

“பதினாறு வயசுப் பையனைப் பெரியவங்க கோர்ட்டில் நிறுத்தலாமா அண்ணை?”

“கத்தி எவ்வளவு நீளமெண்டு பாக்கிறதோ, அவன்ர பேர்த் சேர்ட்டிபிக்கெற்றைப் பாக்கிறதோ?” என்றார். பிறகு ஸ்டாக்வெல்லைச் சொன்னார். இங்கிருந்து சில ஸ்டேஷன் தள்ளி, 2011 மார்ச்சில், நம்மவர் கடையொன்றுக்குள் வேறு யாரையோ துரத்தி வந்தவர்கள் சுட்டார்கள். விளையாடிக்கொண்டிருந்த 5 வயதுத் தமிழ்ச் சிறுமிக்குக் குண்டு பாய்ந்து இனி நடக்க முடியாமல் போனது. அடுத்த வருடம் ஓல்ட் பெய்லியில் மூன்று பேருக்கு ஆயுள். வயது 19, 20, 21. “இரண்டு மூண்டு வருசம் முந்திச் சுட்டிருந்தா குழந்தைப் பிள்ளையள் எண்டிருப்பியள், என்ன?”

பதில் சொல்லத் தெரியவில்லை. சொல்வதற்கு நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? 2012 டிசம்பர் டெல்லிக் கூட்டு வன்புணர்வுக் கொலையில் குற்றவாளிகளில் ஒருவனுக்கு 18 ஆகச் சில மாதங்களே இருந்தன. மூன்று வருடம் இல்லத்தில் இருந்துவிட்டு 2015 டிசம்பரில் வெளியே வந்தான். அதே வாரம் மாநிலங்களவை புதிய இளைஞர் நீதிச் சட்டத்தை நிறைவேற்றியது. கொடிய குற்றம் என்றால் 16, 17 வயதுக்காரனின் மனப்பக்குவத்தை இளைஞர் நீதிக் குழுமம் எடைபோட்டு, பெரியவனாகக் கருதி விசாரிக்க அனுப்பலாம். கூட்டத்தின் கோபம் சட்டமாவதில் லிவர்பூலும் டெல்லியும் ஒன்றுதான். ஒரு வேடிக்கை: 7 முதல் 12 வயதுப் பிள்ளைக்குச் செயலின் விளைவைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்கிற விதி, வெள்ளைக்காரன் 1860இல் எழுதிக்கொடுத்த தண்டனைச் சட்டத்தில் இருந்தது, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. அதே போன்ற விதியை இங்கிலாந்து 1998இல் தூக்கிப் போட்டுவிட்டது.

நான் செங்கல்பட்டுக்காரன். எங்கள் ஊரில் சேட்டை செய்கிற பிள்ளைக்குப் பூச்சாண்டி கிடையாது. சீர்திருத்தப் பள்ளியில் சேர்த்துவிடுவேன் என்பார்கள். அந்தச் சுவரை ஒட்டிச் சைக்கிளில் போகும்போது வேகமாக மிதிப்போம். 2022 டிசம்பர் கடைசி நாளில் அங்கே, ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுப் பையன் அடிபட்டு இறந்தான். ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். இல்லங்களை ஆராய நீதியரசர் சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது. அவனைப் பெரியவர்கள் கோர்ட்டுக்கு யாரும் அனுப்பவில்லை. சிறாருக்கான இடத்தில்தான் வைத்திருந்தார்கள். இதை அண்ணையிடம் சொன்னேன்.

அவர் பேப்பர் கட்டைப் பிரித்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “என்னோட படிச்சவங்கள் பதினைஞ்சு வயசில துவக்குத் தூக்கினவங்கள். ஆமி பிடிச்சா, பிள்ளையெண்டு விட்டவங்களே? இயக்கம் சேர்க்கேக்க, பிள்ளையெண்டு விட்டவையே?” என்றார். “நான் கடைக்காரன். கடைக்காரனிட்டக் கேட்டா கடைக்காரன் சொல்லுறதைத்தான் சொல்லுவன்.”

கடைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: ஒரு நேரத்தில் பள்ளி மாணவர் இருவர் மட்டும். வந்த நாளே பார்த்திருந்தேன், கவனிக்கவில்லை. அப்போது சீருடையில் மூன்று பையன்கள் வந்தார்கள். விதி தெரிந்தவர்கள். இரண்டு பேர் உள்ளே வர, சின்னவன் வெளியே நின்றான். அண்ணையின் கண் கூரை மூலையில் இருந்த குவிகண்ணாடிக்குப் போயிற்று. கை தன் பாட்டில் பேப்பரை அடுக்கியது. பையன்கள் சிப்ஸ் பாக்கெட்டுகளை எடுத்து எடுத்து விலை பார்த்து, திரும்ப வைத்து, எதுவோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாடி ஜன்னலின் கீழ்ப்பாதி முழுக்க விளம்பரத் தாள். அதற்கு மேலே திடீரென்று ஒரு தலை முளைத்தது. வெளியே கிடந்த பால் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று, நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டி, இரண்டு கைகளையும் கண்ணுக்குப் பக்கமாகக் குவித்து, அவன் எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

“விழுந்து மண்டையை உடைக்கப் போறான்,” என்றார் அண்ணை. கதவைத் திறந்து அவனை இறங்கச் சொன்னார், இங்கிலீஷில், சத்தமாக. அவன் இறங்கினான். கூடையை உள்ளே எடுத்து வந்து கல்லாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, கதவைச் சாத்தாமல் வந்தார்.